பள்ளிக்கு வராத பிள்ளையை யார் பார்ப்பது?

கல்வியாண்டு முடியும் தறுவாயில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் ஒன்றியங்களின் ஊர்களில் ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கத் தெருத்தெருவாகப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பழகியவை. "குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாங்க." "பாட்டி வீட்டுல விட்டிருக்கோம்." "வயசுக்கு வந்துட்டா, படிச்சது போதும், வீட்டோட இருக்கட்டும்." "படிப்பு ஏறல சார்." இவற்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மழையை நம்பிய மானாவாரி நிலமும் முந்திரிக்காடும் கொண்ட இந்த வட்டாரத்தில் பிழைப்புக்காக ஊர் பெயர்வதும், பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுப் போவதும் அன்றாடம். ஆனால் பதிலைக் குறித்துக்கொள்வது ஒரு வேலை, பிள்ளையை நேரில் பார்ப்பது வேறு வேலை. பள்ளியை விட்டு நீங்கிய மாணவரின் பெயர் கல்வித் துறையின் எமிஸ் பதிவேட்டில் 'காமன் பூல்' என்னும் பொதுத்தொகுப்புக்குப் போகிறது. வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கிறது. அந்த இடைக்காலத்தில் அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா, அடிபட்டிருக்கிறாளா, யாருடைய பொறுப்பில் இருக்கிறாள் என்று பார்க்கும் கடமை யாருடையது என்பது தெளிவாக இல்லை. வீட்டுக்குள் பிள்ளையை வதைக்கும் ஒருவருக்கு இந்தத் தெளிவின்மை போதும். குடும்பத்தைச் சேராத ஒரு பெரியவரின் பார்வை தொடர்ந்து படுவதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. வதையிலிருந்து மீள்வதற்கும் அடித்தளம் அதுவே. ஆகவே எந்தக் காரணத்தால் ஒரு பிள்ளை பள்ளியிலிருந்து விலகினாலும் அவளை நேரில் காணும் கடமை சட்டமாக வேண்டும். இந்தக் கட்டுரை வாதிடுவது இதைத்தான்.

வீட்டுக் கல்வி என்ற பெயர் இந்தக் கொடுமைக்கு எப்படித் திரையாகிறது என்பதை உலகம் பார்த்த வழக்கு கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரில் 2018 ஜனவரி 14 அன்று வெளிப்பட்டது. டர்பின் தம்பதியின் 17 வயது மகள் ஜன்னல் வழியே தப்பி, ஒரு பழைய செல்பேசியில் காவல்துறையை அழைத்தாள். 2 வயது முதல் 29 வயது வரையிலான 13 பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்தார்கள்; பெரும்பாலோர் பட்டினி போடப்பட்டும் சிலர் சங்கிலியால் கட்டப்பட்டும் கிடந்தார்கள். மூத்த மகளின் எடை 37 கிலோ. அந்த வீடு அரசுப் பதிவேட்டில் தனியார் பள்ளி. ஆண்டுக்கொரு படிவம் தந்தால் போதும், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்பது அங்குள்ள நடைமுறை. இங்கிலாந்தில் சாரா ஷெரிப் என்ற 10 வயதுச் சிறுமியின் கதை இன்னும் கூர்மையானது. 2023 மார்ச்சில் அவளுடைய முகத்துக் காயங்களைக் கண்டு ஆசிரியர்கள் சமூக நலத் துறைக்குத் தகவல் தந்தார்கள். துறை சில நாள்களிலேயே விசாரணையை முடித்துக்கொண்டது. ஏப்ரலில் தந்தை அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைப்பதாக எழுதிக் கொடுத்தார். ஆகஸ்டில் அவள் கொல்லப்பட்டாள். சாவுக்கு முந்தைய நாள் வீட்டுக் கல்விப் பிரிவின் அலுவலர்கள் அவளைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் சென்றது குடும்பம் ஏற்கெனவே காலி செய்திருந்த பழைய முகவரிக்கு. தந்தையும் மாற்றாந்தாயும் 2024 டிசம்பரில் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அதே மாதம், பாதுகாப்பு விசாரணையில் உள்ள பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்னும் மசோதா அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்த நிகழ்வுகளின் வரிசையை உற்றுப் பார்க்க வேண்டும். ஆசிரியர்களின் கண்ணில் காயம் பட்டது, தகவல் போனது, அதன் பிறகே பிள்ளை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். பார்த்த கண்களிடமிருந்து அவளை அகற்றுவதற்கு ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது.

இரண்டு கொடிய வழக்குகளை வைத்துக்கொண்டு ஒரு முறையையே குற்றம் சொல்வது நியாயமாகாது. அதனால் கொஞ்சம் பரந்த சான்றுகளையும் பார்க்கலாம். கடும் சித்திரவதைக்கு ஆளான 28 குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் பார்பரா நாக்ஸும் உடன் ஆய்ந்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டுக் கல்விக்கென்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். வேறு சிலர் பள்ளியில் சேர்க்கப்படவே இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் குழந்தைகள் உரிமை அலுவலகம் 2018இல் ஆறு கல்வி மாவட்டங்களை ஆராய்ந்தது. மூன்று ஆண்டுகளில் வீட்டுக் கல்விக்காக நிறுத்தப்பட்ட 380 மாணவர்களில் 138 பேரின் குடும்பங்கள் மீது ஏற்கெனவே வதை அல்லது புறக்கணிப்புப் புகார் ஒன்றேனும் ஏற்கப்பட்டிருந்தது. இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதில் கவனம் தேவை. 28 பேர் என்பது மிகச் சிறிய தொகை. புகார் இருந்த குடும்பங்கள் எல்லாம் குற்றம் செய்தவை என்றும் கொள்ள முடியாது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வதைபடுகிறார்கள் என்ற கேள்விக்கு இவற்றில் விடை கிடையாது. ஆனால் வதைப்பவர்கள் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவதை ஒரு வழியாகக் கையாள்கிறார்கள் என்பதற்கு இவை போதுமான சான்று. நல்ல பெற்றோர் திறக்கும் அதே கதவு வழியாகத்தான் அவர்களும் நுழைகிறார்கள். கதவில் யாரும் இல்லை என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. வீட்டுக் கல்வியை அது வெளிப்படையாக அனுமதிக்கவுமில்லை, அதற்குத் தண்டனை விதிக்கவுமில்லை. சென்னை, கோவை போன்ற நகரங்களில் சில குடும்பங்கள் விரும்பி இந்த வழியில் போகின்றன. ஜெயங்கொண்டத்தில் நடப்பது வேறு. இங்கே வீடு பள்ளியாவதில்லை, பள்ளி நின்றுபோகிறது. தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், ஆடு மேய்க்கவும், முந்திரிக்கொட்டை பொறுக்கவும் உடைக்கவும் பிள்ளை வீட்டோடு நிறுத்தப்படுகிறது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்ட விரல்கள் தோலுரிந்து கறுத்துப் போகும். அந்தக் கையை வகுப்பில் நீட்டினால் ஆசிரியை கேட்டிருப்பார். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை 14 வயதுக்குக் கீழும் அனுமதிக்கிறது. பள்ளி நேரம் என்ற ஒன்றே இல்லாத பிள்ளைக்கு அந்த வரம்பு எதைக் காக்கும்? வயதுக் கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்துக்கும் இளைஞர் நீதிச் சட்டத்துக்கும் 18 நிறையாதவர் குழந்தை. கல்வி உரிமைச் சட்டத்தின் கை 14 வயதோடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்பிள்ளை அடுத்த ஜூனில் பள்ளிக்கு வராவிட்டால் சட்டப்படி கேட்க வேண்டியவர் எவருமில்லை. கட்டாயத் திருமணமும் நெருங்கிய உறவினரின் பாலியல் வன்முறையும் மிகுதியாக நேரக்கூடிய நான்கு ஆண்டுகள் அவை.

பலரும் பேசாத இன்னொரு பகுதி உண்டு. சட்டம் வெளிப்படையாக ஏற்கும் ஒரே வீட்டுக் கல்வி, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பன்முக மாற்றுத்திறனும் கடுமையான மாற்றுத்திறனும் உள்ள பிள்ளைகளுக்கானது. அதாவது தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் வாய்ப்பு எவருக்கு மிகக் குறைவோ அவர்களே வீட்டுக்குள் இருக்கிறார்கள். கனெக்டிகட் அலுவலகம் அந்த ஆய்வில் இறங்கியதற்கே காரணம், பேச இயலாத, ஆட்டிசம் கொண்ட 17 வயது இளைஞன் 2017 பிப்ரவரியில் பட்டினியாலும் அடியாலும் இறந்ததுதான். அவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. அவன் நெடுநாளாகப் பள்ளியில் இல்லை. நம் ஒன்றியங்களில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இத்தகைய பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். ஒருவரே பல ஊர்களைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அவர்களைப் பயிற்சியளிப்பவர்களாக மட்டுமே அரசு பார்க்கிறது. அந்தப் பிள்ளையை வழக்கமாகப் பார்க்கும் ஒரே வெளியாள் அவர்கள்தான் என்பதால், உடலில் தெரியும் அறிகுறிகளைப் படிக்கவும் உடனே தகவல் தரவும் அவர்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். இது பெரிய செலவும் இல்லை.

பள்ளியைப் பாடம் நடக்கும் கட்டடமாக மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு பிள்ளையின் உடலை, உடையை, பசியை, மௌனத்தை நாள்தோறும் பலர் பார்க்கும் இடம் அது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவிலும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவிலும் இரண்டாம் முறை தட்டை நீட்டும் பிள்ளையைச் சமைப்பவர் அறிவார். தலைமையாசிரியருக்குத் தெரியாதது சத்துணவு அமைப்பாளருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிச் சுவரிலும் பாடநூலிலும் 1098, 14417 என்ற உதவி எண்கள் கண்ணில் படுகின்றன. இந்தக் கண்களெல்லாம் ஒருசேர மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் அந்த வகுப்புகளின் பிள்ளைகள் அனைவரும் வீட்டுக்குள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் குழந்தைத் திருமணங்களும் குழந்தை உழைப்பும் பெருகியதைப் பல மாவட்டங்களின் களப்பணியாளர்கள் கண்டு சொன்னார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோர். பாலியல் வன்முறை செய்தோரில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்நாடு அந்த 13இல் இல்லை. நம் வீடுகள் வேறு மாதிரி என்று எண்ணுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது, பள்ளியே வதைக்கூடமாக இருக்கிறதே என்பது. உண்மைதான். 2021இல் சென்னைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவியர் ஓர் ஆசிரியரின் பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் பள்ளி பள்ளியாக வெளிவந்த புகார்களும், 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்சிசி முகாமில் நடந்த கொடுமையும் மறக்கக் கூடியவை இல்லை. சாதியின் பெயரால் இழிவுபட்டுப் பள்ளியை விட்டு ஓடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதும், அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் அண்மை வரலாறு. பிள்ளையைக் காப்பதற்காகவே பள்ளியிலிருந்து எடுக்கும் பெற்றோரை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிரானது ஆகாது. பள்ளிக்குள் கொடுமை செய்யும் ஆசிரியரும் வீட்டுக்குள் கொடுமை செய்யும் தந்தையும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: வேறு யாரும் பார்க்க மாட்டார்கள், பிள்ளை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். பள்ளியில் நடந்ததை வீட்டிலும், வீட்டில் நடந்ததைப் பள்ளியிலும் சொல்ல முடிகிறபோதுதான் இரண்டும் ஓரளவு பாதுகாப்பாகின்றன. ஒன்றை முற்றிலும் மூடிவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரே கதவு. அதன் சாவி தவறானவர் கையில் இருந்துவிடக் கூடாது.

அரசு அலுவலர் வீட்டுக்குள் நுழைவதை விரும்பாதவர்களின் அச்சமும் நியாயமானது. நம் ஊர்களில் இந்தப் பார்வை காலனித் தெருவின் குடிசைக்குள் எளிதாக நுழையும், மாடி வீட்டின் கேட்டைத் தட்டத் தயங்கும். அதனால்தான் சந்தேகத்தின் பேரில் போவதைவிட, விதியின் பேரில் போவது நல்லது. பள்ளியிலிருந்து விலகிய எந்தப் பிள்ளையையும், ஏழை, பணக்காரர், வீட்டுக் கல்விக் குடும்பம், ஊர் பெயர்ந்த குடும்பம் என்ற வேறுபாடின்றி, 15 நாளுக்குள் ஒருவர் நேரில் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும். வீட்டைச் சோதிக்க வேண்டாம், பாடத்திட்டத்தைக் கேட்க வேண்டாம். ஆண்டுக்கு மூன்று முறை பிள்ளையைக் கண்டால் போதும். பார்ப்பவர் அதே ஊரின் உறவுமுறைக்காரராக இருந்தால் எதுவும் வெளிவராது. பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ ஊராட்சியிடமோ மட்டும் இதை விடுவதில் உள்ள ஆபத்து அதுதான். பக்கத்து ஒன்றியத்தின் ஆசிரியர் பயிற்றுநரோ கிராம சுகாதாரச் செவிலியரோ பொருத்தமானவர். ஊர் பெயர்ந்த பிள்ளையின் தகவல் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒருவர் பார்த்துவிட்டார் என்று பதில் வரும்வரை ஜெயங்கொண்டத்துக் கோப்பு மூடப்படக் கூடாது. நல்ல பெற்றோருக்கு இதனால் நேரும் இழப்பு ஆண்டுக்குச் சில மணி நேரம். அமெரிக்காவில் இத்தகைய கண்காணிப்பைக் கேட்டு 2013இல் இயக்கம் தொடங்கியவர்கள் வீட்டுக் கல்வியில் வளர்ந்தவர்களே என்பதை மறுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, மீட்கப்பட்ட பிறகு என்ன என்ற கேள்வி. வழக்குப் பதிவானதும் நாளிதழ்களுக்குக் கதை முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு அப்போதுதான் தொடங்குகிறது. டர்பின் பிள்ளைகளுக்காக மக்கள் தந்த நன்கொடை அவர்கள் கைக்கு எளிதில் எட்டவில்லை. அவர்களில் சிலர் ஒப்படைக்கப்பட்ட வளர்ப்பு வீட்டில் மறுபடி வதைபட்டார்கள். மாவட்ட நிர்வாகம் அவர்களைக் கைவிட்டதென்று 2022இல் ஒரு முன்னாள் நீதிபதியின் விசாரணை அறிக்கை சொன்னது. வதையிலிருந்து மீளும் வழியை மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மூன்று கட்டங்களாக விளக்கினார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுதல், அதன்பின் மனிதர்களோடு மீண்டும் சேர்தல். நாம் பெரும்பாலும் இந்த வரிசையைக் குலைக்கிறோம். பாதுகாப்பு உறுதியாகும் முன்பே பிள்ளையை மீண்டும் மீண்டும் சொல்ல வைக்கிறோம். உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையின்றி, பிள்ளை விரும்பும் இடத்தில் வாக்குமூலம் பெற வேண்டும் என்று போக்சோ சொல்கிறது. ஜெயங்கொண்டத்துப் பிள்ளை மாவட்டத் தலைநகரான அரியலூருக்கு எத்தனை முறை பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்பதைச் சட்டம் சொல்வதில்லை. குற்றம் செய்தவர் தந்தையாகவோ மாமனாகவோ இருந்தால் இன்னொரு அநீதியும் சேர்கிறது. அவர் ஜாமீனில் வீட்டுக்கு வருகிறார், பிள்ளை காப்பகத்துக்குப் போகிறாள். சொன்னதற்குத் தண்டனையாகத் தன்னை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் பத்து வயதுப் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். நம்பத்தக்க அத்தையோ பாட்டியோ இருந்தால், நடுவண் அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவோடு அங்கே வைத்து வளர்ப்பது மேல். காப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கமும்கூட.

தாயைப் பற்றியும் பேசியாக வேண்டும். தெரிந்தும் தாய் வாய் திறக்கவில்லை என்ற கோபம், அடித்தவர் மீதுள்ள கோபத்தைவிட நீண்ட காலம் நிற்பதுண்டு. ஆனால் கணவனின் கூலியை விட்டால் வேறு வருமானமில்லாத பெண்ணிடம் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது கொடுமை. அவளுக்கு வேலையும் தனியே ஒரு குடியிருப்பும் கிடைத்தால்தான் அவள் சாட்சிக் கூண்டில் உறுதியாக நிற்பாள். இல்லையேல் உறவினர்கள் கூடிப் 'பேசி முடித்து' விடுவார்கள், பிள்ளை பிறழ்சாட்சியாவாள். இந்த நெருக்கடியில் பிள்ளையின் பக்கம் நிற்பதற்கென்றே போக்சோ விதிகள் 'ஆதரவு நபர்' ஒருவரை ஏற்படுத்தியிருக்கின்றன. அவரை நியமிப்பதை விருப்பத்துக்கு விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வலியுறுத்தியது. இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வாழ்ந்தார்கள். அவர்களிடம் அவர் கண்ட பொதுக்கூறுகளில் முக்கியமானது, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவர் இருந்தது. அது பாட்டியாக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம், பல நேரம் ஆசிரியர். ஆதரவு நபர் வழக்கு முடியும்வரை மாறாமல் இருந்தாலே பாதி மருத்துவம் நடந்துவிடும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு மீதிக்கு வேண்டும்.

மீட்சியில் படிப்புக்கும் பெரிய இடம் உண்டு. பள்ளிக்கே போகாமல் வளர்ந்து 17 வயதில் கல்லூரி வகுப்பில் முதன்முதலாக நுழைந்த அமெரிக்க எழுத்தாளர் தாரா வெஸ்டோவர், யூத இனப்படுகொலை என்று ஒன்று நடந்ததே தனக்குத் தெரியாததை 2018இல் வெளியான தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவரானார். எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் மற்றவர்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்ற வெட்கம், வதையின் தழும்புகளில் ஒன்று என்பதை அவர் வழியாக அறிகிறோம். பதின்மூன்று வயதுப் பெண்ணை நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைப்பது அந்த வெட்கத்தைக் கூட்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிறப்புச் சான்று இல்லை, டி.சி. வரவில்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. பின்தங்கிய ஒன்றியங்களில் இடைநின்ற பெண்பிள்ளைகளுக்கான கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. வயது கடந்தவர்கள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் சேரலாம். இவற்றைப் பிள்ளைக்குச் சொல்லி, கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்ப்பவர் வேண்டும். ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களின் குரல் வீட்டில் ஓங்குவதற்கு முன் அது நடந்தாக வேண்டும்.

சட்டம் மாறும்வரை இந்தக் கடமை அக்கம்பக்கத்தாரிடமே இருக்கிறது. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை ஒரு மாதமாகப் போகவில்லை என்றால், பெற்றோரிடம் விசாரியுங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், முடிந்தால் அந்தப் பிள்ளையிடமே ஒரு வார்த்தை பேசுங்கள். மனதில் சந்தேகம் தங்கினால் 1098க்கு அழையுங்கள். பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமலிருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு உறுதி தருகிறது.